தில்லி எத்தனை நகரம்? கோட்டைக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

1. கேள்வி

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ விமானத்தில் தில்லிக்கு வருபவர் முதலில் கால் வைக்கும் மண் பாலம். இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்துக்கு முன்பு பாலம் விமான நிலையம் என்றே பெயர். ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. 'பாலம்ப கிராமம்' என்று கல்வெட்டில் வரும் பழைய ஊர் அது. அந்த ஊருக்கு அருகே 1276இல் ஒருவர் படிக்கிணறு வெட்டி, அதைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு கல்வெட்டும் பொறித்து வைத்தார். தில்லியின் பெயரைச் சொல்லும் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று அது.

தில்லியின் வரலாற்றை அறிய விரும்புபவரின் கையில் கிடைக்கும் நூல்களில் இந்தக் கிணறு பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருப்பதில்லை. அங்கே இருப்பது ஓர் எண்: ஏழு. தில்லி ஏழு நகரங்களின் தொகுதி, ஒரு வம்சம் ஒரு நகரத்தைக் கட்டியது, அடுத்தது அதைக் கைவிட்டு வேறொன்றைக் கட்டியது, புதுதில்லி எட்டாவது. பள்ளிப் பாடநூல், சுற்றுலாக் கையேடு, செய்தித்தாள் கட்டுரை எல்லாவற்றிலும் இந்தச் சட்டகமே வருகிறது.

இந்தக் கட்டுரை கேட்பது ஒரே கேள்வி. ஏழு என்ற கணக்கு எதை எண்ணிக் கிடைத்தது, எதை எண்ணாமல் விட்டது? கோட்டைச் சுவர்களை எண்ணினால் தில்லி மாண்டு மாண்டு பிறந்த நகரமாகத் தெரிகிறது. கிணறுகளையும் குளங்களையும் கால்வாய்களையும் பின்தொடர்ந்தால், நூற்றாண்டுக் கணக்கில் ஆள் நீங்காமல் வாழ்ந்து வந்த ஊர்த்தொகுதியாகத் தெரிகிறது. இரண்டு கணக்குக்கும் சான்று உண்டு. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

2. ஏழு என்ற எண்ணின் வரலாறு

இன்று வழக்கிலுள்ள பட்டியல் ஏறத்தாழ இது: தோமரர்களின் லால்கோட்டும் அதை விரித்துக் கட்டிய கிலா ராய் பித்தோராவும்; அலாவுத்தீன் கில்ஜியின் சிரி; கியாசுத்தீன் துக்ளக்கின் துக்ளகாபாத்; முகமது பின் துக்ளக்கின் ஜஹான்பனா; ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் ஃபிரோசாபாத்; ஹுமாயூன் தொடங்கி ஷேர் ஷா தொடர்ந்த, இன்று பழைய கோட்டை எனப்படும் தீன்பனா; ஷாஜஹான் கட்டிய ஷாஜஹானாபாத்.

பட்டியல் உறுதியானதாகத் தோன்றினாலும் அதன் எண்ணிக்கை ஒருபோதும் உறுதியாக இருந்ததில்லை. 1611இல் இவ்வழியே சென்ற ஆங்கிலேய வணிகர் வில்லியம் ஃபிஞ்ச், பழைய தில்லியின் இடிபாடுகளை ஒன்பது கோட்டைகளும் ஐம்பத்திரண்டு வாயில்களும் கொண்டவை என்று குறித்தார். ஷாஜஹானாபாத் கட்டத் தொடங்கியது 1639இல். அந்த நகரம் பிறப்பதற்கு முன்பே மக்கள் வழக்கில் கணக்கு ஒன்பதாக இருந்திருக்கிறது.

தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1862-63 ஆய்வுப் பயணத்தில், 'ஏழு கோட்டை, ஐம்பத்திரண்டு வாயில்' என்ற வழக்கைப் பதிவுசெய்து அந்த ஏழையும் அடையாளம் காட்டினார். அவருடைய ஏழு இன்றைய ஏழு அல்ல. லால்கோட், ராய் பித்தோரா, சிரி, துக்ளகாபாத், துக்ளகாபாத்தின் உட்கோட்டை, ஆதிலாபாத், ஜஹான்பனா என்று தெற்கே கிடந்த இடிபாடுகளுக்குள்ளேயே அவர் ஏழைக் கண்டார். ஃபிரோசாபாத்தும் பழைய கோட்டையும் ஷாஜஹானாபாத்தும் அந்த ஏழில் இல்லை. 1906இல் கார்டன் ரிஸ்லி ஹெர்ன் எழுதிய நூலின் தலைப்பே 'தில்லியின் ஏழு நகரங்கள்'. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். ஏழின் வரிசையில் எட்டாவதாக அமர்வதற்குப் புதிய தலைநகரத்துக்கு இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

எண் நிலையாக நின்று பொருள்கள் மட்டும் மாறினால், அந்த எண் அளவையில் கிடைத்ததாக இருக்க முடியாது. ஏழு என்பது நம் மரபில் நிறைவைக் குறிக்கும் எண். ஏழு கடல், ஏழு உலகம், சப்த கன்னியர் என்று அதற்கு உறவுகள் அதிகம். தில்லியின் ஏழும் அந்த வகையில் ஒரு சொல்வழக்காகத் தொடங்கி, கையேடுகளின் வழியே வரலாற்று உண்மையாக இறுகியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த இறுகலின் ஒரு கட்டத்தைக் கண்கூடாகக் காண முடியும். சையது அகமது கான் 1847இல் தில்லியைப் பற்றி உருதுவில் 'ஆசாருஸ் சனாதீத்' என்ற பெருநூலை வெளியிட்டார். குதுப் மினாரின் உயரத்திலுள்ள எழுத்துகளைப் படிப்பதற்காக, கயிற்றில் கட்டிய கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கியபடி படியெடுத்தவர் அவர். முதல் பதிப்பின் கடைசிப் பகுதி தில்லி மக்களைப் பற்றியது: ஞானியர், மருத்துவர், கவிஞர், இசைவாணர். 1854இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு காலவரிசையிலும் சான்று காட்டுவதிலும் சிறந்தது. ஆனால் மக்களைப் பற்றிய அந்தப் பகுதி அதில் இல்லை. நூல் கட்டடங்களின் பட்டியலாகச் சீர்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1857 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது, அந்த மக்களில் பலர் நகரத்தைவிட்டே துரத்தப்பட்டனர். தில்லியை எழுதும் முறை மனிதரிலிருந்து கல்லுக்கு நகர்ந்த இடம் இது.

3. கணக்கில் விடுபட்டவை

கோட்டைக் கணக்கை அதன் சொந்த விதிப்படியே சோதித்தாலும் அது நிற்பதில்லை. அரசர் கட்டிய நகரங்களை மட்டும் எண்ணுவதென்றாலும் ஏழில் சில விடுபடுகின்றன. யமுனைக் கரையில் கிலோக்ரியில் சுல்தான் கைகுபாத் அரண்மனை எழுப்பினார். 1290இல் ஜலாலுத்தீன் கில்ஜி அங்கேயே அரியணை ஏறினார். அந்தப் பகுதிக்கு 'ஷஹர்-இ-நௌ' என்று பெயர்; புது நகரம் என்று பொருள். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த புதுதில்லிக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தில்லிக்குள் ஒரு புது நகரம் இருந்திருக்கிறது. சையது வம்சத்து முபாரக் ஷா 1433இல் முபாரக்காபாத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே கொல்லப்பட்டார். இன்றைய கோட்லா முபாரக்பூர் அவர் பெயரைச் சுமக்கிறது. இவை இரண்டும் வழக்கமான ஏழில் இல்லை.

பின்னோக்கிப் போனாலும் கணக்கு உடைகிறது. பழைய கோட்டை வளாகத்தில் பி.பி. லால் 1954-55இலும் 1969 முதல் 1973 வரையிலும் நடத்திய அகழாய்வுகள், மௌரியர் காலம் தொட்டு முகலாயர் காலம் வரை தொடர்ந்த குடியிருப்பு அடுக்குகளை வெளிக்காட்டின. 1966இல் தென்தில்லியின் ஸ்ரீனிவாஸ்புரி அருகே ஒரு பாறையில் அசோகரின் கல்வெட்டு கண்டறியப்பட்டது. கோட்டை எதுவும் இல்லாத காலத்திலும் இங்கே ஆணையைப் படிக்கவோ கேட்கவோ ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. இந்திரப்பிரஸ்தம் பழைய கோட்டையில்தான் இருந்தது என்பதை அகழாய்வு இதுவரை ஐயமற நிறுவவில்லை. ஆனால் அதன் பெயரை ஒலிக்கும் இந்தர்பத் என்ற கிராமம் அந்தக் கோட்டைச் சுவர்களுக்குள்ளேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. 1913 வாக்கில் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டது. அரசர் விட்டுப்போன கோட்டைக்குள் உழவர் வாழ்ந்தார்கள். 'கைவிடப்பட்ட நகரம்' என்ற சொல் யாருடைய பார்வை என்பதை இந்தக் கிராமம் சொல்லிவிடுகிறது.

இதைவிட வலுவான சான்று இபின் பதூதாவுடையது. மொராக்கோவிலிருந்து 1334இல் தில்லிக்கு வந்து, இங்கே நீதிபதியாகப் பணியாற்றியவர் அவர். அவர் கண்ட தில்லி அடுத்தடுத்து அமைந்த நான்கு நகரங்களால் ஆனது: பழைய தில்லி, சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா. நான்கையும் அவர் ஒரே நேரத்தில் வாழும் நகரங்களாகவே விவரிக்கிறார். ஒன்று செத்து ஒன்று பிறந்ததாக நாம் வரிசைப்படுத்துபவை, அவர் கண்ணுக்கு ஒரே ஊரின் நான்கு பேட்டைகள்.

4. ஏன் இடம்பெயர்ந்தது: மூன்று விளக்கங்கள்

தலைநகரின் மையம் மீண்டும் மீண்டும் நகர்ந்ததற்கு மூன்று வகை விளக்கங்கள் உண்டு.

முதலாவது அரசியல் விளக்கம்: புதிய அரசர் தம் பெயரை நிலைநாட்டப் புதிய நகரம் கண்டார். ஷாஜஹானாபாத்துக்கும் புதுதில்லிக்கும் இது பொருந்தும். இரண்டாவது பாதுகாப்பு: 1303இல் மங்கோலியர் தில்லியை முற்றுகையிட்டதையொட்டி அலாவுத்தீன் சிரியை அரண் செய்தார். முகமது பின் துக்ளக் பழைய தில்லியையும் சிரியையும் சுவரால் இணைத்து ஜஹான்பனாவை அமைத்ததும், சுவருக்கு வெளியே பெருகிவிட்ட குடியிருப்புகளைக் காக்கவே. மூன்றாவது நீர்: ஆரவல்லிக் குன்றுகளின் பாறை நிலத்தில் தொடங்கிய தில்லி, படிப்படியாக வடகிழக்கே யமுனையை நோக்கி இறங்கியது என்ற விளக்கம்.

மூன்றாவது விளக்கத்தை ஆதரிப்போர் துக்ளகாபாத்தைக் காட்டுவார்கள்: தண்ணீர் இல்லாமல் அழிந்த கோட்டை என்று. இதை அப்படியே ஏற்க முடியாது. துக்ளகாபாத்தைக் கட்டியவர்கள் நீரை மறந்தவர்கள் அல்லர். கோட்டைக்குத் தெற்கே பெரிய நீர்த்தேக்கம் இருந்தது. கியாசுத்தீனின் கல்லறை அதன் நடுவில் அமைந்து, கற்பாலத்தால் கோட்டையோடு இணைந்திருந்தது. கோட்டைக்குள்ளும் குளங்களும் கிணறுகளும் உண்டு. 1325இல் கியாசுத்தீன் இறந்தபின் அவர் மகன் வேறிடத்தில் அரசிருக்கையை அமைத்ததே கோட்டை கைவிடப்பட்டதற்கு உடனடிக் காரணம்.

மக்கள் மரபு தரும் விளக்கம் வேறு. கியாசுத்தீன் துக்ளகாபாத்தைக் கட்டிய அதே ஆண்டுகளில், சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியா தம் இருப்பிடத்தில் படிக்கிணறு வெட்டினார். தொழிலாளர் அனைவரும் கோட்டை வேலைக்கே வரவேண்டும் என்று சுல்தான் கட்டளையிட்டார். அவர்கள் பகலில் கோட்டையிலும் இரவில் விளக்கொளியில் கிணற்றிலும் உழைத்தார்கள். சுல்தான் எண்ணெய் விற்பதைத் தடுத்தார். கிணற்றில் ஊறிய நீரே எண்ணெயாக எரிந்தது. கோட்டை பாழாகட்டும், இல்லையேல் மேய்ச்சல் குலத்தாரான குஜ்ஜர்கள் குடியேறட்டும் என்று ஞானி சபித்தார். இது கதை; வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது. சாபத்தின் வாசகம், பிற்காலத்தில் குஜ்ஜர்கள் அங்கே வாழ்வதைக் கண்டவர்கள் பின்னோக்கிப் பொருத்தியதாகவும் இருக்கலாம். 1611இல் ஃபிஞ்ச் பழைய தில்லியின் இடிபாடுகளில் குஜ்ஜர்களே வாழ்வதாக எழுதியிருக்கிறார்.

ஆனால் கதை எதை எதற்கு எதிராக நிறுத்துகிறது என்று பாருங்கள். ஒருபுறம் கோட்டை, மறுபுறம் கிணறு; இரண்டுக்கும் இடையில் கொத்தனாரின் இரண்டு கைகள். தில்லி மக்கள் தங்கள் நகரத்தின் வரலாற்றை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நேரான ஆவணம் வேண்டியதில்லை. நிஜாமுத்தீன் தர்காவை ஒட்டிய அந்தக் கிணற்றில் இன்றும் ஊற்று இருக்கிறது. 2008இல் அதன் ஒரு பக்கச் சுவர் இடிந்தபோது, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சேற்றை அள்ளி அதைச் செப்பனிட்டது.

5. இரண்டு கிணற்றுக் கல்வெட்டுகள்

பாலம் கல்வெட்டுக்கு இப்போது திரும்பலாம். விக்கிரம ஆண்டு 1333, பொ.ஆ. 1276. அரியணையில் இருந்தவர் சுல்தான் பால்பன். கிணறு வெட்டியவர் உத்தரர் என்ற பெருவணிகர். இன்றைய பாகிஸ்தானிலுள்ள உச் நகரிலிருந்து வந்த குடும்பம். கல்வெட்டு, தில்லியை முதலில் தோமரர்களும் பிறகு சௌகான்களும் அதன்பின் 'சகர்'களும் ஆண்டதாகச் சொல்கிறது. சகர் என்று அது குறிப்பது சுல்தான்களை. வம்ச மாற்றத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பால்பனின் ஆட்சியில் உலகைக் காக்கும் கவலை நீங்கித் திருமால் பாற்கடலில் நிம்மதியாக உறங்குகிறார் என்று புகழ்கிறது. நகரத்துக்கு அது தரும் பெயர்கள் தில்லி, யோகினிபுரம்.

இந்தப் புகழ்ச்சியை அரசருக்கு வணிகர் சொன்ன முகமன் என்று கொள்ளலாம். நல்லிணக்கத்தின் முழுச் சித்திரமாக்கிவிட வேண்டியதில்லை. குதுப் வளாகத்துப் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு, 27 கோயில்களின் கற்களைக் கொண்டு அது கட்டப்பட்டதாகச் சொல்வதையும் நாம் அறிவோம். இரண்டு கல்வெட்டுகளும் உண்மை. ஆனால் கோட்டைக் கணக்கில் ஒன்றுக்குத்தான் இடமுண்டு. வெற்றியையும் தோல்வியையும் பதிவுசெய்வது ஒன்று. வழிப்போக்கர் இளைப்பாற, ஊரார் நீர் எடுக்க ஒரு வணிகர் பொருள் செலவிட்டதையும், அதைச் சமஸ்கிருதத்தில் எழுதி வைக்கத் தடை ஏதும் இல்லாதிருந்ததையும் பதிவுசெய்வது மற்றொன்று.

இரண்டாவது கல்வெட்டு சர்பன் கல்வெட்டு. விக்கிரம ஆண்டு 1384, பொ.ஆ. 1328, முகமது பின் துக்ளக்கின் காலம். சர்பன் என்ற கிராமத்தில் இரு வணிகர்கள் கிணறு வெட்டியதை அது பதிவுசெய்கிறது. ஹரியானா நாட்டை மண்ணுலகின் சொர்க்கம் என்கிறது. தோமரர் கண்ட தில்லிகா நகரைப் போற்றுகிறது. இந்தச் சர்பன் இருந்த இடம் ராய்சினாப் பகுதி. குடியரசுத் தலைவர் மாளிகை நிற்பது ராய்சினாக் குன்றின்மேல். புதுதில்லிக்காக 1911-12இல், 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் ராய்சினா, மால்ச்சா முதலிய ஊர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. 'எட்டாவது நகரம்' வெற்று நிலத்தில் எழுந்ததாகப் படங்கள் காட்டும் இடத்தில், அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வணிகர் கிணறு வெட்டும் அளவுக்கு ஊர் இருந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சான்றுமுறை புதிதல்ல. நம் வரலாற்றை நாம் அரண்மனைகளிலிருந்து எழுதவில்லை. சோழர் அரண்மனை ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்தைப் போன்ற செய்திகளைக் கொண்டே ஊர்கள் எப்படி வாழ்ந்தன என்று அறிந்தோம். நீரைத் தேக்கி வைப்பதே அரசனின் நிலைத்த புகழ் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் எடுத்துரைத்த பாடல் புறநானூற்றில் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில், சித்ரா பௌர்ணமி நாளில் வரதராஜப் பெருமாள் இறங்கும் படிக்கிணற்றை நடவாவி என்கிறோம். நம் 'வாவி'யும், படிக்கிணற்றைக் குறிக்கும் தில்லியின் 'பாவ்லி'யும் 'வாபி' என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். தமிழகத்தில் பழகிய அந்த வாசிப்பைத் தில்லிக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

6. குளங்களின் சாட்சியம்

மெஹ்ரௌலியில் சுல்தான் இல்துத்மிஷ் 1230 வாக்கில் வெட்டிய குளம் ஹவுஸ்-இ-ஷம்சி. நபிகள் நாயகம் கனவில் வந்து இடம் காட்டினார் என்றும், குதிரைக் குளம்பின் தடத்தில் நீர் ஊறியது என்றும் மரபு சொல்கிறது. இபின் பதூதா அந்தக் குளத்தை நெருங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார். மழைநீர் தேங்கும் குளம் அது. நகர மக்கள் அதிலிருந்தே குடிநீர் எடுத்தார்கள். ஓரங்களில் நீர் வற்றும்போது வெளிப்படும் ஈர மண்ணில் கரும்பும் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட்டார்கள். சிறிய முலாம்பழம், மிகவும் தித்திப்பு என்று அதன் சுவைவரை குறித்து வைத்தார்.

சிரிக்கு அருகே அலாவுத்தீன் வெட்டிய பெருங்குளம், இன்றைய ஹவுஸ் காஸ். அதன் கரையில் இசைக்கலைஞர்களின் குடியிருப்பு இருந்ததையும், ரமலான் மாத இரவுகளில் பாடகியர் கூடித் தொழுததையும் இபின் பதூதாவே சொல்கிறார். எந்தக் கோட்டையின் வாயிலிலும் இந்தப் பாடகியரின் தடம் இல்லை. குளக்கரையில்தான் அவர்கள் வரலாற்றுக்குள் வருகிறார்கள்.

நீர் இருக்குமிடத்தில் தகராறும் இருக்கும். ஃபிரோஸ் ஷா துக்ளக் தம் ஆட்சியின் செயல்களைத் தாமே தொகுத்த 'ஃபுதூஹாத்-இ-ஃபிரோஸ்ஷாஹி'யில் இரண்டு செய்திகள் சொல்கிறார். ஷம்சிக் குளத்துக்கு நீர் வரும் கால்வாய்களைச் சிலர் அடைத்துவிட்டார்கள். அவர்களைத் தண்டித்து நீர்வரத்தைத் திறந்துவிட்டேன் என்கிறார். அலாவுத்தீனின் குளம் தூர்ந்துபோயிருந்தது, அதற்குள்ளேயே மக்கள் பயிரிட்டார்கள், கிணறு வெட்டித் தண்ணீரை விற்றார்கள், அதைத் தூர்வாரினேன் என்றும் சொல்கிறார். வரத்துக் கால்வாய் அடைப்பு, ஏரிக்குள் ஆக்கிரமிப்பு, தண்ணீர் விற்பனை: பதினான்காம் நூற்றாண்டின் இந்தக் குறிப்பைச் சென்னையில் வாழும் ஒருவர் உரை எதுவும் இல்லாமலே புரிந்துகொள்வார். ஃபிரோஸ் ஷா தூர்வாரிய குளத்தின் கரையில் ஒரு மதரசாவைக் கட்டினார். அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. 1398இல் தில்லியைச் சூறையாட வந்த தைமூர் தங்கியதும் அக்குளத்தின் அருகில்தான். ஆண்டு முழுதும் தில்லி மக்கள் அதில் நீர் எடுப்பதாக அவர் வரலாறு சொல்கிறது.

யமுனையிலிருந்து ஹிசாருக்குக் கால்வாய் வெட்டியவரும் ஃபிரோஸ் ஷா. தூர்ந்துபோன அக்கால்வாயை ஷாஜஹானின் காலத்தில் புதுப்பித்து ஷாஜஹானாபாத் வரை நீட்டினார்கள். சாந்தினி சௌக்கின் நடுவே நீர் ஓடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் குழப்பத்தில் மீண்டும் தூர்ந்தது. 1820 வாக்கில் ஆங்கிலேயர் திறந்துவிட்டார்கள். இன்று மேற்கு யமுனைக் கால்வாய் முறையின் கிளையான முனக் கால்வாய் தலைநகரின் குடிநீரில் பெரும்பங்கைக் கொண்டுவருகிறது. 2016 பிப்ரவரியில் ஹரியானாவில் நடந்த இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது அது தடைபட, தில்லியின் பல பகுதிகள் வறண்டன. கால்வாயை மீட்க ராணுவம் போகவேண்டியிருந்தது. துக்ளக், முகலாயர், ஆங்கிலேயர், குடியரசு என்று கோட்டைக் கணக்கு நான்காகப் பிரிக்கும் காலத்தை, அடுத்தடுத்துத் தூர்ந்தும் திறந்தும் வந்த இந்த நீர்வழி ஒன்றாகக் கோக்கிறது.

7. மறுப்புகளும் எல்லைகளும்

நீர்க் கணக்கை முன்வைக்கும்போது மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பெருங்குளங்களும் அரசர் வெட்டியவையே; அப்படியானால் இதுவும் அரசர் வரலாறுதானே? ஒரு பகுதி உண்மை. ஆனால் அரசர் வெட்டிய குளம் அரசரோடு முடிவதில்லை. இல்துத்மிஷின் குளக்கரையில்தான் இன்றும் மெஹ்ரௌலியின் 'ஃபூல்வாலோன் கி சைர்' மலர் விழாவின் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முகலாய மன்னர் இரண்டாம் அக்பரின் காலத்தில் பிறந்த விழா அது. சூஃபி ஞானி பக்தியார் காக்கியின் தர்காவுக்கும் யோகமாயா கோயிலுக்கும் மலர் விசிறிகள் செலுத்துவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் 1942இல் நின்றுபோனதை, நேருவின் முயற்சியால் 1960களின் தொடக்கத்தில் மீட்டார்கள்.

இரண்டாவது, தில்லியின் இடப்பெயர்ச்சிகளுக்கு நீரே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சிரியை மங்கோலியர் அச்சமும், புதுதில்லியைப் பேரரசின் அரசியலும் உருவாக்கின. நகரம் ஏன் தொடங்கியது என்ற கேள்விக்குக் கோட்டை பதில் சொல்கிறது. தொடங்கியவர் போனபின்பும் அங்கே யார், எப்படித் தங்கினார்கள் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் நீர்ச் சான்றுகள் தேவைப்படுகின்றன.

மூன்றாவது, கிணற்றடி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? சாதி நம் நாட்டில் முதலில் வேலி போட்ட இடங்களில் ஒன்று நீர்த்துறை. கல்வெட்டு கொடையாளியைச் சொல்லும். மண்வெட்டி பிடித்தவரையும், படியில் இறங்க அனுமதிக்கப்படாதவரையும் சொல்லாது. நீர்க் கணக்கு கோட்டைக் கணக்கைவிட அகலமானது என்றுதான் சொல்கிறேன். முழுமையானது என்று சொல்லவில்லை.

8. ராமகிருஷ்ணபுரத்துக் கிணறு

தில்லித் தமிழர்க்கு ராமகிருஷ்ணபுரம் சொந்த ஊர் மாதிரி. மத்திய அரசு ஊழியருக்காகக் கட்டிய குடியிருப்புகள்; 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம்; ஏழாம் செக்டரின் குன்றின்மேல், 1973இல் குடமுழுக்கு கண்ட உத்தர சுவாமிமலை, நம் வழக்கில் மலை மந்திர். அங்கே கார்த்திகைக்கும் சஷ்டிக்கும் போகிறவர்கள் பலர். ஐந்தாம் செக்டரில், முனிர்க்காவை ஒட்டி, லோடி காலத்துக் கல்லறைகள் சிலவும் அவற்றுக்கு நடுவே ஒரு படிக்கிணறும் இருப்பதை அறிந்தவர் குறைவு. வசீர்ப்பூர் கும்பட் என்று அந்த இடத்துக்குப் பெயர்.

நான் பல ஆண்டுகள் அதன் அருகே நடந்துபோயும் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. பார்க்கப் போன நாளில், கரடுமுரடான கற்களால் ஆன படிகள் செவ்வகமாகக் கீழே இறங்கின. அவற்றின் கோடியில் வட்டமான கிணறு. அடியில் நீர் இல்லை. காய்ந்த வேப்பிலை பரவியிருந்தது. ஏழு நகரங்களின் வரைபடத்தில் இந்த இடம் வெறும் இடைவெளி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் படிகளில் யாரோ குடத்தோடு ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் இருந்தது எந்த நகரத்தின் எண்ணிலும் சேராத ஊர். முனிர்க்கா என்ற பெயரில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. கோட்டைக் கணக்கு சரியாக இருந்தால் இந்தக் கிணற்றுக்குக் காரணம் சொல்ல முடியாது.

நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் நாள், பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் என் அம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். "மாமி, இங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" அதுவே அவர் கேட்ட முதல் கேள்வி. காலை ஐந்து மணிக்கு என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த மணிக்கு எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. தில்லிக்கு வந்த ஒவ்வொரு குடும்பமும், உச் நகரிலிருந்து வந்த உத்தரரின் குடும்பம் உட்பட, முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. வரலாற்றாசிரியரும் இந்நகரத்திடம் அதையே முதலில் கேட்கட்டும். எத்தனை கோட்டை என்பதைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.